பிந்தி வரும் கைத்தட்டல்

அவர் வரவில்லை.

இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டின் நடுவே கிடாரும் பியானோவும் ஓய்ந்து, டிரம் மட்டும் தனியே அடிக்கும் இடம் வந்துவிட்டது. திரை அக்கா இரு கைகளையும் உயர்த்திக் காத்திருந்தாள். டிரம் அடித்தது. அவளும் தட்டினாள். வழக்கமாக அதற்குப் பின், கண்ணிமை மூடித் திறக்கும் நேரத்தில், இன்னொரு கைத்தட்டல் தட்டிலிருந்து வரும். செத்துப்போன அவள் கணவருடைய கைத்தட்டல்.

இன்று அந்த இடத்தில் வெறும் அமைதி இருந்தது. அடுத்த அடிக்கும் அப்படியே. அதற்கடுத்த அடிக்கும்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன். கதவில் சாய்ந்து நின்று, பரிசைப் பிரிப்பவர் முகத்தையே பார்க்கும் குழந்தையைப் போலச் சிரித்தான். "பளிச்சுன்னு இருக்குல்ல?"

அவள் ஊசியைத் தூக்கி வைத்தாள். அறையில் மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மூலையில் அவருடைய பட்டறைப் பலகை, அதன் மேல் அவர் வைத்தபடியே கிடக்கும் இழைப்புளி. இத்தனை வருடங்களில் முதல் முறையாக அந்த மூலை காலியாகத் தெரிந்தது.

"அவரை எங்கடா வெச்ச?" என்று கேட்டாள்.

*

திரை அக்கா என்பது அவள் பெயரல்ல. தடித் துணியில் திரைச்சீலை தைப்பது அவள் தொழில். நாடக மேடைக்கு, ஆஸ்பத்திரி வார்டுக்கு, பணக்கார வீட்டு ஜன்னலுக்கு என்று அவள் தைத்த திரைகளுக்குப் பின்னால் எத்தனையோ பேர் அழுதிருப்பார்கள், சிரித்திருப்பார்கள். தடித் துணியில் ஊசி ஏற வேண்டுமென்றால் விரலில் இரும்புத் தொப்பி போட்டுத் தள்ள வேண்டும். அந்தத் தொப்பி அவளுடைய வலக்கை நடுவிரலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருந்தது. சாப்பிட உட்காரும்போதுகூடக் கழற்ற மறந்துபோவாள்.

கணவர் தச்சர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சும் வரவில்லை. கல்யாணத்துக்குத் தங்கம் வாங்க வசதி இல்லாமல், கதவுக் கீலில் மிஞ்சிய பித்தளையை ராவி அவரே அவளுக்கு ஒரு மோதிரம் செய்தார். அவள் அதை இடக்கையில் போட்டுக்கொண்டாள். பிறகு கழற்றவே இல்லை.

அந்த வீட்டில் அவரைக் கூப்பிட ஒரு வழி இருந்தது. தரை முழுக்க அவரே பலகை பாவியிருந்தார். எங்கே நின்றும் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் போதும், அடுத்த அறையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். சாப்பாட்டுக்கு ஒரு மிதி. கோபமென்றால் இரண்டு மிதி. மகன் நடக்கப் பழகியதும் முதலில் கற்றுக்கொண்டது அப்பாவை மிதித்துக் கூப்பிடத்தான்.

பாட்டுப் பதிவுக் கூடம் ஒன்றைக் கட்டும் வேலை அவருக்கு வந்தபோது ஊரே கேலி செய்தது. காது கேட்காதவரிடமா சத்தம் அடைக்கும் வேலை? கூடத்தின் முதலாளி மட்டும், "அமைதின்னா என்னன்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். சுவருக்குப் பஞ்சு வைத்துப் பலகை அடித்ததும், தரை பாவியதும் அவர். சுவரை மூடும் கனத்த திரைகளைத் தைத்தது அவள்.

வேலை முடியும் முன்பே அங்கே ஒரு ஆல்பம் பதிவாகத் தொடங்கிவிட்டது. சோல் என்றும் ரிதம் அண்ட் புளூஸ் என்றும் கடைக்காரர்கள் அலமாரியில் எழுதி ஒட்டும் மேற்கத்தியப் பாட்டு வகை. பாடியவளை எல்லோரும் 'புயல்' என்றுதான் சொல்வார்கள். அடிவயிற்றிலிருந்து எழும்பித் தொண்டையில் கிழிந்து வெளிவரும் குரல். ஆல்பத்தின் பெயர் 'தாழ் போடாத கதவு'. அதன் கடைசிப் பாட்டில், போய்விட்டவனைப் பார்த்து ஒரு பெண் கெஞ்சுகிறாள்: கதவைத் தட்டக்கூட வேண்டாம், தள்ளிக்கொண்டு உள்ளே வா.

அந்தப் பாட்டுக்குக் கைதட்ட வரவேண்டியவர்கள் வரவில்லை. புயலுக்குப் பொறுமை கிடையாது. மூலையில் உட்கார்ந்து திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கை காட்டினாள்.

"ஏய், தையலு! நீயும் உன் வீட்டுக்காரரும் வாங்க. நாலு கை இருக்குல்ல, போதும்."

"அவருக்குக் காது கேக்காதுங்க."

"கையாலதானே தட்டப் போறாரு, காதாலயா?"

கூடமே சிரித்தது. அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். புது மெருகு பூசிய தரையில் கீறல் விழக்கூடாதென்று அவர் வெறுங்காலோடு இருந்தார். இருவரையும் ஒரே மைக்கின் முன் எதிரும் புதிருமாக நிறுத்தினார்கள். டிரம் அடித்தது. அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சத்தமே இல்லாத உலகத்தில் இருந்துகொண்டு இந்த மனிதன் எதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறான் என்று அவளுக்கு அழுகை வந்தது.

பதிவைப் போட்டுக் கேட்டபோது டிரம்காரர் நெற்றியைச் சுருக்கினார். "யாரோ பிந்துறாங்க. டிரம் முடிஞ்ச பிறகு ஒரு கை வருது."

எல்லாத் தலைகளும் தச்சரின் பக்கம் திரும்பின. என்ன பேசினார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, நாக்கைக் கடித்து, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். மறுபடியும் சிரிப்பு.

"அப்படியே இருக்கட்டும்," என்றாள் புயல். "போனவன் திரும்பி வந்து கதவைத் தட்டுற மாதிரி இருக்கு. எனக்கு மயிர் கூச்செறியுது."

வெளியே வந்ததும் அவர் மனைவியின் வலக்கையைப் பிடித்து, அவள் கழற்ற மறந்திருந்த விரல் தொப்பியை உருவி அவள் பைக்குள் போட்டார். எதற்காகவோ வெகுநேரம் சிரித்துக்கொண்டே வந்தார். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

*

ஆல்பம் ஓடியது என்றால் அப்படி ஓடியது. டீக்கடை, முடிவெட்டும் கடை, பேருந்து, எங்கும் அந்தப் பாட்டு. எங்கே ஒலித்தாலும் அந்தப் பிந்திய கைத்தட்டலைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள். வானொலியில் ஒருவர், "தண்ணி போட்டுட்டுத் தட்டினவர் யாரோ" என்றார். மகன் படித்த பள்ளியில், மெதுவாக வேலை செய்யும் பையனுக்கெல்லாம் 'தச்சர் கை' என்று பட்டப்பெயர் வந்தது. மகன் அதற்காக மூக்கில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். அப்பாவிடம் போய்க் கையால் சைகை காட்டி, "ஏம்பா பிந்தின?" என்று கேட்டான். அவர் அதே மாதிரி நெஞ்சைத் தொட்டு, காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை மகன் மன்னிக்கவே இல்லை.

ஒருநாள் மதியம் அவள் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு ஒரு மிதி மிதித்தாள். பட்டறைப் பலகையில் தலை சாய்த்திருந்தவர் திரும்பவில்லை. செல்லமாக இன்னொரு மிதி. பிறகு இரண்டு மிதி. பிறகு அவள் மிதித்த மிதியில் தையல் மிஷினே ஆடியது. அவர் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து மாலையில் வேலை முடிந்ததும் அவள் அந்தத் தட்டைப் போடுவாள். கைதட்டுவாள். மூலையிலிருந்து, அந்தப் பலகையிலிருந்து, அவர் பிந்தித் தட்டுவார். எல்லோரும் சிரித்த அந்தப் பிந்தல்தான் அவளுக்கு மிஞ்சிய கணவன்.

துணி வெட்டிக் கொடுக்கும் பெண், அவளைக் 'கத்தரி' என்பார்கள், முதல் தடவை இதைப் பார்த்து நடுங்கிப்போனாள்.

"அக்கா, யாரோட தட்டுற?"

"எங்க வீட்டுக்காரரோட."

"பேயோட குடும்பம் நடத்துற ஒரே பொம்பளை நீதான்க்கா!"

"உயிரோட இருக்கறவனோட நடத்துறதைவிட இது லேசுடி. உப்பு போதலைன்னு சொல்ல மாட்டார்."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் கத்தரி அதன் பிறகு அந்தப் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே செருப்பைத் தேடுவாள். அவளுக்கும் கேட்டிருந்தது அந்தத் தட்டல். வெறும் அறையில், யாரோ ஒருவர் எதிரே நின்று பதில் சொல்வதைப் போல.

*

மகன் சத்தத்தோடு வேலை செய்பவனாக ஆனான். பழைய பதிவுகளின் இரைச்சலை நீக்கிப் புதிதாக்குவது அவன் வேலை. புயல் செத்துப் பல காலம் கழித்து, 'தாழ் போடாத கதவு' மறுபதிப்பாக வரப்போகிறது என்று கம்பெனி அறிவித்தது. அந்த வேலை அவன் கைக்கே வந்தது. அப்பா தரை பாவிய அதே கூடம்.

அவன் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பிந்திய கைத்தட்டலை ஒவ்வொன்றாக எடுத்து, டிரம் அடியோடு பொருத்தி வைத்தான். மாதிரித் தட்டு ஒன்றைப் பதிந்து எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடி வந்தான். அதுதான் இன்று மாலை சுற்றியது.

"எங்கேயும் வைக்கலைம்மா. சரியான இடத்துல வெச்சேன்," என்றான். "இனிமே அப்பாவைப் பார்த்து ஒருத்தன் சிரிக்க முடியாது. அவர் டிரம்மோட சேர்ந்து வர்றார்."

"எனக்குக் கேக்கலையேடா."

"சரியா தட்டினா டிரம்முக்கு அடியில மறைஞ்சுடும். அப்படித்தான் இருக்கணும்."

"நான் அவரை மறைக்கச் சொன்னேனா? பழையபடி வை."

"முடியாதும்மா."

"ஏன் முடியாது? அழிச்சுட்டியா?"

"அழிக்கலை. ஆனா மாத்த மாட்டேன். இந்த வாரக் கடைசியில ஃபேக்டரிக்குப் போகுது. அதுக்கப்புறம் இதுதான் நிக்கும், பழசை எவனும் கேக்க மாட்டான்." அவன் மூக்கைத் தடவிக்கொண்டான். "உனக்கென்னம்மா, கதவைச் சாத்திட்டு உள்ளே உக்காந்து கேப்ப. வெளியில அடி வாங்கினது நான்."

"உங்க அப்பன் செத்தது போதாதா? நீ வேற சாகடிக்கணுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மகன் வெளியேறினான். அவள் பழைய தட்டை எடுத்துப் போட்டாள். வருடக்கணக்கில் ஊசி ஓடி ஓடி அந்த இடம் தேய்ந்து போயிருந்தது. இரைச்சலுக்குள் எங்கோ அவர் தட்டிக்கொண்டிருந்தார், தூரத்தில், யாரோ வேறு வீட்டின் கதவைத் தட்டுவதுபோல. இன்னும் கொஞ்ச நாளில் இதுவும் போய்விடும். புதிய தட்டிலும் அவர் இல்லையென்றால் இந்த உலகத்தில் அவர் எங்குமே இல்லை.

*

மறுநாள் காலை அவள் கூடத்துக்குப் போனாள். அவள் தைத்த திரைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன, நிறம் மட்டும் வெளுத்திருந்தது. மகன் கண் வீங்கி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தான்.

"சண்டை போட வரலை," என்றாள். "கடைசியா ஒரு தடவை அவரைத் தனியாக் கேக்கணும். அந்தப் பழைய டேப்பைப் போடு. அப்புறம் நீ என்ன வேணா பண்ணு."

அவன் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிட்டுக் கைத்தட்டல் பதிந்த பகுதியை மட்டும் ஓடவிட்டான். டிரம் வெகு தூரத்தில் லேசாகக் கேட்டது. முன்னால் இரண்டு தட்டல்கள். முதலில் கனமான ஒன்று, பலகை மேல் பலகை விழுந்ததுபோல. அதன் பின்னால் மெல்லிய ஒன்று. அந்த மெல்லியதன் நுனியில், ஒவ்வொரு முறையும், பொடியாக ஒரு 'டிக்'.

"முதல்ல வர்றது நீ," என்றான் மகன். "பின்னாடி வர்றது அப்பா."

"அந்த டிக் என்னது?"

"அதான் எனக்கும் புரியலை. தூசின்னு நெனச்சேன். தூசின்னா கண்ட இடத்துல வரும். இது அப்பா தட்டும்போது மட்டும்தான் வருது. எதுக்கும் இருக்கட்டும்னு தொடச்சு எடுத்துட்டேன். பழைய ரெக்கார்டுல இரைச்சலோட இரைச்சலாப் போயிருக்கும், யாருக்கும் கேட்டிருக்காது."

அவள் பைக்குள் கை விட்டு விரல் தொப்பியை எடுத்தாள். வலக்கை நடுவிரலில் மாட்டினாள். கைதட்டினாள்.

டிக்.

இரும்புத் தொப்பி பித்தளை மோதிரத்தில் பட்ட சத்தம்.

மகன் திரும்பிப் பார்த்தான். அவள் மறுபடி தட்டினாள். டேப்பும் தட்டியது. இரண்டும் ஒரே குரலில் பேசின.

"கழற்ற மறந்துட்டேன்," என்றாள் மெல்ல. "அன்னிக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தேன்டா. அப்படியே எழுந்து போனேன்."

"அம்மா..."

"பிந்தினது நான்."

திரைகள் அசையாமல் தொங்கின. அப்படியென்றால் அத்தனை மாலைகளும்? மூலையிலிருந்து வந்த அந்தப் பதில்? கத்தரியை ஓட ஓட விரட்டிய அந்தக் கை? அது அவளே. இளம்வயதில் புருஷன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தாளத்தைத் தவறவிட்ட அவளே. எத்தனையோ வருடங்களாக அந்த அறையில் அவள் தன்னோடு தானே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். வேறு யாருமே இல்லை.

"அப்ப அவர் எங்கடா?" என்று அலறினாள். "அவர் எங்கே?"

மகன் மெல்லிய தட்டல்களை ஒவ்வொன்றாக அடக்கினான். கனமான தட்டல் மட்டும் மிஞ்சியது. டிரம்மை மெதுவாக மேலே ஏற்றினான். டிரம்மும் அந்தக் கையும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. ஒரு நூல் முன்னே இல்லை, ஒரு நூல் பின்னே இல்லை. அவ்வளவு சரியாக இருந்ததால்தான் இத்தனை காலமும் யார் காதிலும் விழாமல் டிரம்முக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

"எப்படிம்மா?" மகன் குழந்தையைப் போல அழுதான். "காதே கேக்காம எப்படி..."

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். அவர் பாவிய பலகைகள். செருப்பைக் கழற்றினாள்.

"டிரம்மைப் பெருசா வை."

அவன் வைத்தான். உள்ளங்காலில் அது வந்து இடித்தது. ஒவ்வொரு அடியும், எலும்பு வரைக்கும்.

"ஒரு மிதி மிதிச்சா எங்கேருந்தாலும் திரும்பிப் பார்ப்பாரேடா," என்றாள். "நீயும் நானும் ஆயிரம் தடவை மிதிச்சிருப்போம். நமக்குத் தோணுச்சா?"

மகன் குனிந்து அந்தப் பலகைகளைப் பார்த்தான். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா? நீதான் பிந்தினன்னு?" என்றான்.

அவள் கண்களுக்குள் அந்த நாள் வந்தது. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள். எல்லோரும் திரும்பியபோது, நெஞ்சைத் தொடும் முன் அவளைப் பார்த்த அந்த ஒரு கணம். விரல் தொப்பியை உருவி எடுத்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பு.

"தெரியும்," என்றாள். "அன்னிக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே! எவ்வளவு கேலி, எவ்வளவு... நான் அவர்கிட்ட எப்படியெல்லாம் நடந்துக்கிட்டேன்!" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "இப்பவே மாத்துறேன். அப்பா தட்டுறதை டிரம்முக்கு மேல தூக்கி வைக்கிறேன். ஊரே கேக்கட்டும்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல எத்தனையோ இருந்தது. ஊர் கேட்கட்டும், பள்ளியில் இவனை அடித்தவர்கள் கேட்கட்டும், வானொலிக்காரர் கேட்கட்டும் என்று அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் காதைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

"வேண்டாம்டா. எனக்காக மறைச்சு வெச்சார். நீ எடுத்து வெளியே போடாதே."

"அப்ப?"

"எப்படி இருந்துச்சோ அப்படியே விடு. அவர் முன்னாடி போனார். நான் பின்னாடி வர்றேன். உண்மையும் அதானே?"

"மறுபடியும் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். இனிமே என்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த டிக்கையும் திருப்பி வெச்சுடு," என்றாள்.

*

புதிய பதிப்பின் முதல் தட்டை மகன் கொண்டுவந்து கொடுத்த மாலை, கத்தரி வழக்கம்போல செருப்பைத் தேடினாள்.

"இன்னிக்கு இருந்து கேளுடி," என்றாள் திரை அக்கா. "பேய் நான்தான்."

"அது எனக்கு முன்னாடியே தெரியும்க்கா," என்றாள் கத்தரி, ஆனாலும் போய்விட்டாள்.

அறை இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் ஒலிபெருக்கியைத் தூக்கித் தரையில் வைத்தாள். வெறுங்காலோடு, பட்டறைப் பலகைக்கு எதிரே, அன்று நின்றதுபோல நின்றாள். கிடாரும் பியானோவும் ஓய்ந்தன.

அவள் கைகளை உயர்த்தினாள். தட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிக்கொண்டாள். பாட்டு போயிற்று, புயல் போனாள், பிந்தி வரும் அவளுடைய சொந்தக் கையும் போயிற்று. அவர் இருந்த உலகம் இதுதான் போலும் என்று நினைத்தாள்.

காலுக்கு அடியில், சரியான நேரத்துக்கு, அவர் வந்தார்.